கோட்டில் ஏறிய தாளிப்பு வாசனை

டொராண்டோவுக்கு வந்தபின் முதல் தடவையாக ஊருக்குப் போகிறீர்கள். விமானத்தில் புளியோதரை டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். புளியோதரை இருக்கட்டும், எனக்குக் கவலை உங்கள் குளிர்கால ஜாக்கெட்டைப் பற்றித்தான்.

நான் வந்த புதிதில் ஒரு பேஸ்மென்டில் இருந்தேன். அடுப்புக்கு மேலே இருந்த விசிறி புகையை வெளியே தள்ளாது, உள்ளேயே சுற்றவிடும் ரகம். கதவோரம் கொக்கியில் கோட்டு தொங்கும். தினமும் வெங்காயமும் பெருங்காயமும் எண்ணெயில் பொரிகிற ஆவி அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. ஊரில் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் குப்பென்று அடித்தது. ஊருக்குப் போகும்போது பக்கத்து சீட்டுப் பெண்மணி சால்வையை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டது குளிருக்காக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. டொராண்டோவிலிருந்து துபாய் வரை ஏறக்குறைய 13 மணி நேரம், பாவம்.

அதனால் கோட்டைச் சமையலறைப் பக்கமே மாட்டாதீர்கள். படுக்கையறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே துவைத்தோ ட்ரை கிளீனிங் கொடுத்தோ எடுத்து வையுங்கள். பயண உடுப்பைக் கடைசிச் சமையல் முடிந்து, குளித்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

சென்ட் அடித்து மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாளிப்பும் சென்ட்டும் சேர்ந்தால் இரண்டையும்விட மோசமாக மூன்றாவது ஒன்று கிளம்பும். சிலருக்கு அதில் ஒற்றைத் தலைவலியோ ஆஸ்துமாவோ வந்துவிடும். இங்கே பல அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சென்ட் போட்டு வராதீர்கள் என்று எழுதியே வைத்திருப்பார்கள். அம்மா அப்பாவை அழைத்து வரும்போது கோடாலித் தைலத்துக்கும் இதே கதைதான். சீட்டில் உட்கார்ந்து நெற்றி முழுக்கத் தேய்க்க வேண்டாம்.

விமானத்தில்தான் காற்றை வடிகட்டுகிறார்களே என்பீர்கள். அங்கே இருக்கும் ஹெப்பா (HEPA) என்ற நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும், கிருமிகள் சிக்கும். வாசனை வாயு, அது துகளுக்கான வலையில் சிக்காது.

சரி, சாப்பாடு. ஆறிய புளியோதரை, பொடி தடவிய இட்லி, சப்பாத்தி எல்லாம் தாராளமாகக் கொண்டுபோங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தருகிற சூடான ஆம்லெட் இதைவிட அதிகமாக நாறும். கருவாடு, மீன், அவித்த முட்டை வேண்டாம். சாப்பிட்டதும் டப்பாவை மூடி, ஒரு ஜிப் பைக்குள் போட்டுவிடுங்கள். தயிரும் ஊறுகாயும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள். அப்புறம், முந்தின நாள் சுண்டல், முட்டைக்கோஸ் பக்கம் போகாதீர்கள். கேபினுக்குள் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலைமேல் இருப்பது போலத்தான் இருக்கும். வயிற்றில் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்குவரை கூடுதலாக உப்பும். மேலே விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஷூவைக் கழற்றலாம், ஆனால் புதுக் காலுறை ஒரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும். கழிப்பறைக்கு வெறும் காலுறையோடு போகாதீர்கள். தரையில் இருக்கும் ஈரம் தண்ணீர் இல்லை.

தொல்லை அடுத்தவரிடமிருந்து வந்தால்? வாசனை விஷயம் என்றால் நேரே அவரிடம் சொல்லாதீர்கள், அவமானப்படுவார், மீதி வழி முழுக்க இருவருக்கும் நரகம். எழுந்து பின்பக்கம் போய்ப் பணிப்பெண்ணிடம் மெதுவாகச் சொல்லுங்கள். காலி சீட் இருந்தால் மாற்றித் தருவார்கள். விமானம் கிளம்பும் முன்பே சொல்வது நல்லது. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றின் பயண ஒப்பந்தத்தில், கடும் துர்நாற்றமுள்ள பயணியை ஏற்ற மறுக்கலாம் என்று விதியே உண்டு. மேலே போய்விட்டால் யாரையும் இறக்க முடியாதே.

சத்தம், கால் நீட்டுவது போன்றவற்றை நேரடியாகச் சொல்லலாம். போன தடவை பின்சீட்டுக்காரர் போனில் தமிழ் சீரியலைச் சத்தமாக வைத்துக்கொண்டு, வெறுங்காலை என் கைப்பிடி மேல் நீட்டியிருந்தார். திரும்பி, "அண்ணா, கால்" என்றேன். பதறிப்போய் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து சீட் இடுக்கு வழியாக ஒரு முறுக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.