ஏப்ரல் வெயிலில் ஓடும்போது உடம்பு சிலிர்த்தது, தலை சுற்றியது: ஜூன் வரை நிறுத்திவிட வேண்டுமா?

நூல்காரன், ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. நூல் குடோனில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டு வரை ஏசி அறைதான். பொங்கல் முடிந்ததும் ஓட ஆரம்பித்தேன். டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்பது ஆசை. மார்ச் கடைசியில் 10 கிலோமீட்டரை 68 நிமிடத்தில் முடித்தேன். எப்போதும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படி நடக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி மாமன் வீட்டில் கெடாவெட்டு, படுக்கும்போது மணி ஒன்று. காலையில் கண் விழிக்க நேரமாகி, ஏழு இருபதுக்குத்தான் நசியனூர் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். ஆறாவது கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியவில்லை. ஏழாவதில் இரண்டு கையிலும் மயிர்க்கூச்செறிந்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது! இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே என்று விடாமல் ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே கால் ஒன்றோடொன்று பின்னியது. வேப்பமரத்தடியில் இளநீர் வண்டி நின்றது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டது, இளநீர்க்கார அக்காவிடம் தெளிவாகத்தான் பேசினேன். அந்த அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டுத்தான் இளநீர் வெட்டினார். குடித்த முதல் இளநீர் வாந்தியாக வந்துவிட்டது, இரண்டாவதுதான் நின்றது. சாயங்காலம் வரை தலைவலி. சிறுநீர் நல்ல அடர்த்தியான மஞ்சள்.

இதுதான் ஹீட் ஸ்ட்ரோக்கா? கிளம்பும்போது ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனேன், அப்புறமும் ஏன் இப்படி ஆனது? கத்திரி முடிகிற வரை வாசலைத் தாண்டி ஓடக் கூடாது என்கிறார் அம்மா. மூன்று மாதம் பாடுபட்டது வீணாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பி.டி. வாத்தியார், தாராபுரம்

தம்பி, முதலில் அந்த இளநீர்க்கார அம்மிணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். குடிக்கக் கொடுப்பதற்கு முன் தலையில் ஊற்றினாரே, அதுதான் சரியான வரிசை.

உங்களுக்கு வந்தது ஹீட் ஸ்ட்ரோக்குக்கு முந்தைய படி. உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டது, நடந்தது எல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன். வெயிலில் சிலிர்ப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே என்று நினைத்தீர்கள் பாருங்கள், அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காரணம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் 27 வருஷம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். ஒரு மார்ச் மாதம், பையன்களுக்குக் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். காலை ஆறரைக்கு ஆரம்பிக்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று காத்திருந்து காத்திருந்து கொடி அசைக்கும்போது மணி பத்தேகால். நான் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். பிளஸ் டூ பையன் ஒருவன், எப்போதும் முதல் மூன்றில் வருபவன், ஐந்தாவது கிலோமீட்டரில் ரோட்டை விட்டுச் சோளக்காட்டுக்குள் ஓட ஆரம்பித்தான். ஓடிப்போய்ப் பிடித்தேன். "என்னை விடுறா" என்று என்னையே பிடித்துத் தள்ளினான். ஒரு நாளும் என் முன்னால் குரல் உயர்த்திப் பேசாத பையன். ஊர் என்ன என்று கேட்டேன், எதையோ உளறினான். உடம்பெல்லாம் வேர்வை. அதைப் பார்த்து, வேர்க்கிறதே, அப்படியானால் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் ஏமாந்தேன். வேர்வை நின்றுபோனால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஓடுகிறவர்களுக்கு வருவது வேர்க்க வேர்க்கவே வரும். புத்தி தடுமாறுவதுதான் அடையாளம்.

பக்கத்துக் காட்டில் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. நல்ல வேளை, அந்த நேரம் மும்முனை மின்சாரம் இருந்தது. காட்டுக்காரர் மோட்டாரைப் போட்டார். பையனைக் கழுத்து வரை தொட்டிக்குள் இறக்கினோம். தலை முங்கிவிடக் கூடாது என்பதற்காக என் துண்டை அவன் இரண்டு அக்குளுக்கும் அடியில் கொடுத்து, முனைகளைப் பின்னாலிருந்து நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். காட்டுக்காரரின் மகன் 108-க்குப் போன் செய்தான். குழாயிலிருந்து கிணற்றுத் தண்ணீர் மேலே விழுந்துகொண்டே இருந்தது. பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும், பையனுக்குப் பல் கிடுகிடுக்க ஆரம்பித்தது. "சார், எங்க அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றான். அவன் என்னைச் சார் என்று கூப்பிட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "தொட்டியில் போடாமல் நேராக இங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தால், வழியிலேயே மூளையும் சிறுநீரகமும் வெந்துபோயிருக்கும்." உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி.

உங்கள் ஒரு லிட்டர் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓடும்போது வெயில் தரும் சூட்டை விட நம் தசையே உண்டாக்கும் சூடு பெரியது. தின்ற சோற்றின் சக்தியில் கால்வாசிகூட ஓட்டமாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. வேகம் கூடினால் அந்தச் சூடும் கூடும். நீங்கள் விடிகாலை வேகத்திலேயே ஏழரை மணி வெயிலிலும் ஓடியிருப்பீர்கள். உள்ளே அடுப்பை முழுசாக எரியவிட்டு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் காப்பாற்றாது. வேர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும், சொட்டி விழுகிற வேர்வையால் பயன் இல்லை. அதனால்தான் கோடை மழை பெய்த மறுநாள் காலையில், வெயில் குறைவாக இருந்தாலும், புழுக்கத்தில் ஓடினால் உடம்பு தவிக்கிறது. இது இங்கே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

ஜூன் வரை நிறுத்த வேண்டியதில்லை. உடம்பு வெயிலுக்குப் பழகும், பத்திலிருந்து பதினாலு நாள் எடுக்கும். பழகிய பிறகு வேர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாகப் போகும், ரத்தத்தின் அளவும் கூடும். ஆனால் நாளெல்லாம் ஏசிக்குள் இருக்கும் உங்களுக்கு இது தானாக வராது. ஒரு வாரம் முழு ஓய்வு எடுங்கள். அப்புறம் விடிகாலையில் இருபது நிமிடம், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முழுசாகச் சொல்லும் வேகத்தில். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கையில் கட்டிய கடிகாரம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் காட்டினாலும் விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்ட மறுநாளும், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்த வாரமும் ஓடவே வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி வரை விழித்ததும் உங்கள் மயக்கத்துக்கு ஒரு காரணம்.

தனியாக ஓடாதீர்கள், தம்பி. புத்தி தடுமாறுகிறவனுக்குத் தன் புத்தி தடுமாறுவது தெரியாது. அந்தப் பையனைக் கேட்டால், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பான்.

வார்டு அக்கா, கோவை

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க வேண்டும்.

உளறுகிறவர், அரை மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மோரும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சூடு ஏறியிருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் கூட்டிவருகிறார்கள். காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டை ஏற்றி வைக்கிறது, அந்த மாத்திரை அதைத்தான் இறக்கும். வெயில் தாக்கத்தில் அப்படி நடப்பதில்லை, அதனால் மாத்திரை கேட்காது, கல்லீரலுக்குத்தான் பாரம். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள். வெளித்தோல் குளிர்ந்து 38 காட்டும்போது உள்ளே 41 இருக்கலாம்.

தொட்டி எல்லா இடத்திலும் கிடைக்காது. டவுனில் என்றால் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஜூஸ் கடையில் ஐஸ் கிடைத்தால் துண்டில் கட்டிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும் வரை நிறுத்த வேண்டாம்.

நூல்காரன் தம்பி, சிறுநீர் மஞ்சளாக இருந்தது என்றீர்கள், அது தண்ணீர்க் குறைவு. அதுவே கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்கு வருகிறது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் மாத்திரைகள் சில வேர்வையைக் குறைத்துவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வெயிலில் ஓடுவதைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு இறங்கி அதற்கும் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. ஓடிவிட்டு வந்து எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்தால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி.

கரூர் காலோட்டம்

கோவைக்காரர்கள் ஓடும் நேரத்தைப் பார்த்து ஈரோடு, கரூர்க்காரர்கள் ஓடக் கூடாது. அவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிறது, ஊரும் நம்மை விட இருநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ரேஸ் கோர்ஸில் ஏழு மணிக்கும் மர நிழலில் ஓடலாம். நம் ஊரில் ஏழு மணி என்றால் ஓடி முடித்துக் குளித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஓடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நான் ஒரு வருஷம் செய்து பார்த்தேன். ஏழரைக்கும் தார் ரோடு அனல் விடுகிறது, டெக்ஸ்டைல் ஷெட்டுகளின் தகரச் சுவர்களும் அப்படித்தான். விடிகாலை நாலரையிலிருந்து ஆறு வரைதான் நல்லது. எனக்கு உதவியது சுற்றுப் பாதை. பத்து கிலோமீட்டரை நேராகப் போய்த் திரும்பாமல் வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டராக ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வாசலில் வைத்த வாளியில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். முடியவில்லை என்றால் வீடு ஒரு கிலோமீட்டருக்குள்தான். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்து கனத்து ஒட்டிக்கொள்ளும். திருப்பூரில் கிடைக்கும் மெல்லிய பாலியெஸ்டர் பனியன் போதும்.

ஓடி வந்ததும் நான் குடிப்பது கம்பங்கூழ். மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. உப்பு, தண்ணீர், மாவுச்சத்து மூன்றும் அதிலேயே இருக்கின்றன.

நூல்காரன், ஈரோடு

மூன்று பேருக்கும் நன்றிங்க. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை, அக்கா. உடனே பதில் எழுதாமல், செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒரு வாரம் ஓடவில்லை. அப்புறம் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. 20 நிமிடத்தில் ஆரம்பித்து இப்போது 45 நிமிடம் வந்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் நாற்பது விநாடி ஆகிறது. முன்பென்றால் இந்த வேகத்தைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பேன். நேற்று கிளம்பும்போது 71.2 கிலோ, திரும்பி வந்து துடைத்துவிட்டு ஏறி நின்றால் 70.3. வழியில் 300 மில்லி குடித்திருந்தேன், ஆக முக்கால் மணி நேரத்தில் 1.2 லிட்டர் வேர்த்திருக்கிறது. இவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

போன வாரம் ஒரு ராத்திரி இடி மழை. விடிந்ததும் குளுகுளு என்றிருக்க, வேகமாக ஓடலாம் என்று கால் துறுதுறுத்தது. வாத்தியார் சொன்ன புழுக்கம் நினைவுக்கு வந்து மெதுவாகவே போனேன். பத்தே நிமிடத்தில் பனியன் பிழியப் பிழிய நனைந்துவிட்டது, காற்றும் இல்லை. 25 நிமிடத்தோடு வீடு திரும்பினேன்.

அந்த இளநீர்க்கார அக்காவைப் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. "அன்னைக்கு நீங்க பேசுனது ஒண்ணுமே வெளங்கலீங்க, அதான் தண்ணிய ஊத்துனேன்" என்றார். நான் அவரிடம் தெளிவாகத்தான் பேசினேன் என்று அந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். இங்கேயும் அப்படித்தான் எழுதியிருந்தேன், வாத்தியாரும் அதை வைத்துத்தான் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

இனி தனியாக ஓடப்போவதில்லை. ஈரோட்டில் யாராவது இருந்தால் ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் திண்டல் மலை அடிவாரத்துக்கு வாருங்கள். மெதுவாகத்தான் ஓடுவேன். ஒரு குடம் தண்ணீரும் இரண்டு துண்டும் வண்டியில் இருக்கும்.

பி.டி. வாத்தியார், தாராபுரம்

தம்பி, அக்கா சொன்னது சாதாரண விஷயம் இல்லை. நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், நீங்கள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் நாளைக்கே ஒரு டாக்டரைப் பார்த்து, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது சரியாக இருக்கிறது என்று தெரிகிற வரை நடை மட்டும் போதும். ஞாயிறு ஐந்து மணிக்கு நானும் வருகிறேன், மகள் வீடு பெருந்துறையில்தான். சேர்ந்து நடப்போம்.