தலையில் அணியும் காந்தத் தூண்டல் பட்டை: கணக்கில் 5 மில்லிடெஸ்லா, மீட்டரில் 2தான். உதவி!

சுருள்101
இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகச் செய்கிறேன். 5 செ.மீ. விட்டச் சுருள், 100 சுற்று, 0.3 மி.மீ. எனாமல் கம்பி, மின்தடை 3.8 ஓம். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி, மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) வழியாக 100 மைக்ரோவிநாடித் துடிப்பு. ஓம் விதிப்படி 2 ஆம்பியர் ஓட வேண்டும். நடுவில் காந்தப்புலம் 5 மில்லிடெஸ்லா வர வேண்டும். காந்தப்புலம் அளக்கும் ஹால் சென்சர் 2-ஐத் தாண்டவில்லை. சென்சரை மாற்றியும் அதேதான். சுற்றை 200 ஆக்கிவிடலாமா? திங்கள் டெமோ.

ஆம்பியர்_அண்ணன்
அவசரப்படாதீர்கள் தம்பி. இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) அளந்தீர்களா? அப்புறம், 1 செ.மீ. விட்டத்தில் 20 சுற்றுக்கு ஒரு குட்டிச் சுருள் செய்து நடுவில் வைத்து ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள்; அதில் வரும் வோல்டேஜ் புலம் மாறும் வேகத்தைக் காட்டும். துடிப்பு முழுக்க ஒரே மட்டமா, சரிகிறதா?

சுருள்101
0.7 மில்லிஹென்றி. குட்டிச் சுருளில் 42 மில்லிவோல்டில் தொடங்கி 24-க்கு இறங்குகிறது அண்ணா.

ஆம்பியர்_அண்ணன்
சரி, சென்சர் மேல் தப்பில்லை. 0.7-ஐ 3.8-ஆல் வகுத்தால் காலமாறிலி, அதாவது மின்னோட்டம் 63 சதவீதம் ஏற ஆகும் நேரம், 0.18 மில்லிவிநாடி. உங்கள் துடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மின்னோட்டம் 42 சதவீதம்தான் ஏறும்: 0.8 ஆம்பியர், 2 மில்லிடெஸ்லா.

200 சுற்று வேண்டவே வேண்டாம். மூளைக்குள் மின்புலத்தை உண்டாக்குவது காந்தப்புலம் மாறும் வேகம். சுற்று இரட்டித்தால் ஆம்பியருக்கான புலம் இரட்டிக்கும், ஆனால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்காகும். அதே பேட்டரியில் வேகம் பாதியாகிவிடும். 50 சுற்றுக்குக் குறையுங்கள். புலம் 3-ஐத் தாண்டும். பேட்டரியும் மாஸ்ஃபெட்டும் 4 ஆம்பியர் தாங்க வேண்டும். துடிப்பு நிற்கும்போது சுருளில் எகிறும் வோல்டேஜை அடக்கக் குறுக்கே டையோடு இல்லையென்றால் மாஸ்ஃபெட்டுக்கு இரங்கல் கூட்டம்தான்.

நியூரான்_நேசன்
ஒரு குறுக்கீடு. ரிப்போர்ட்டில் இதை டிஎம்எஸ் (மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் முறை) என்று எழுதிவிடாதீர்கள். 1985-இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு காட்டிய அந்த முறையில் கெப்பாசிட்டரிலிருந்து ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், புலம் 1.5 முதல் 2 டெஸ்லா, மூளைப் புறணியில் மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் மின்புலம். உங்கள் 100 சுற்றுச் சுருள் 2 செ.மீ. ஆழத்தில் தருவது மீட்டருக்கு 0.2 வோல்ட்கூட இல்லை. அதில் நியூரான் தூண்டப்படாது. 'குறைவலிமைத் துடிப்புக் காந்தப்புலம்' என்பதே நேர்மையான பெயர்.

சுருள்101
அப்படியானால் ஆபத்தில்லையே? அறைத்தோழன் மாட்டிப் பார்க்கத் துடிக்கிறான்.

நியூரான்_நேசன்
வேண்டாம். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் பேட்டரி நேராகச் சுருளில்: 14 வாட், நெற்றியில். வலிப்பு வந்தவர், பேஸ்மேக்கரோ காக்ளியர் இம்பிளான்ட்டோ (காதுக்குள் பொருத்தும் செவிக்கருவி) உள்ளவர் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் யார் தலையும் வேண்டாம். தலைக்குப் பதிலாக உப்புநீர் நிரப்பிய பிளாஸ்டிக் கிண்ணம் போதும். உங்கள் தோழர் பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்டினாலும் 'ஜிவ்வென்று இருக்கிறது' என்பார், அதில் என்ன தெரியப்போகிறது?

சுருள்101
50 சுற்று போட்டாயிற்று. 3.1 மில்லிடெஸ்லா, குட்டிச் சுருள் 82 மில்லிவோல்டில் தொடங்குகிறது. டையோடு போடுவதற்குள் ஒரு மாஸ்ஃபெட் போய்விட்டது அண்ணா.