அக்காவின் சப்பாத்துக்குள் வைக்க ஒரு உள்தாள் செய்ய வேண்டும்: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கிளிநொச்சி. அக்கா கார்மென்ட்ஸில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறா. காலையில் படுக்கையால் இறங்கி வைக்கிற முதல் நாலைந்து அடிதான் உயிர் போகிற வலி, அப்புறம் கொஞ்சம் குறையும்.

ஈரக்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். முழுப் பாதமும் பதிந்தது, உள்பக்க வளைவே இல்லை. ஆனால் நுனிக்காலில் எழும்பினால் வளைவு வருகிறது. இது வளைந்து கொடுக்கிற தட்டைப்பாதம், தாங்கு கொடுத்தால் சுகம் வரும் என்று பிசியோ சொன்னார்.

கடையில் வாங்கின ஜெல் தாள் மெத்தை மாதிரி அமுங்குகிறதே தவிர, தாங்கவில்லை. சரி, நானே செய்வம் என்று பழைய றப்பர் செருப்பை வெட்டி, சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொலூசனால் மூன்று அடுக்கு ஒட்டினேன். வன்னி வெயிலுக்கு இரண்டாம் நாளே பசை விட்டுவிட்டது. பாத வளைவைத் தாங்க வைத்த மேடும் குதிக்காலுக்குக் கிட்ட வந்துவிட்டது, அக்கா பேசின பேச்சு இன்னும் காதுக்குள் கிடக்கிறது.

மேட்டின் உச்சி பாதத்தின் உள்பக்க நடுவில் வந்து, பெருவிரல் அடிமேட்டுக்கு முன்னமே சரிந்து முடிய வேண்டும் என்று இப்ப விளங்குகிறது. குதிக்காலைக் கிண்ணம் மாதிரி பிடிக்கவும் வேண்டும்.

ஈ.வி.ஏ. தகடு (செருப்பு அடிக்குப் பாவிக்கிற நுரைத் தகடு) வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வெட்டி விற்கிறார்களா? என்ன கடினத்தில் வாங்குவது? பாத அச்சை உட்கார்ந்தபடி எடுப்பதா, நின்றபடியா? செயற்கைக்கால் செய்கிற இடங்களில் வேலை செய்தவர்கள் யாரும் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கோ.