கிராம சபையில் மைக் கையில் வந்தால்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவப் பகிர்வு

ஆத்தூர்

அடுத்த கிராம சபைக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கலாம்னு கேக்குறேன். "மரியாதையாப் பேசுறதா இருந்தா பேசுங்க, இல்லைன்னா உட்காருங்க"ங்கிற ஒரே வரியில பாதிக் கேள்வி அமுங்கிப் போகுது. அதே சமயம் மைக் கிடைச்சதும் பங்காளிச் சண்டையை அவுத்து விடுற ஆளும் எல்லா ஊர்லயும் இருக்காங்க. எது வரைக்கும் பேசலாம், தடுத்தா என்ன பண்றது? சொந்தக் கதை வேண்டாம், நடைமுறை தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

ஓமலூர், ஊராட்சி நிர்வாகம் தெரிந்தவர்

சண்டையோட வேர் மைக்ல இல்லீங்க, நோட்டீஸ்ல இருக்கு. வருஷத்துக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு 7 நாள் முன்னாடியே இடம், நேரம், கூட்டப் பொருள் எல்லாம் ஊருக்குத் தெரியணும். (தண்டோரா போடுறதை 2022-லயே நிறுத்தச் சொல்லியாச்சு. இப்ப ஒலிபெருக்கி வண்டியும் வாட்ஸ்அப்பும்தான்.) கோயில், சர்ச், மசூதி வளாகத்துல நடத்தக்கூடாது.

அடுத்தது குறைவெண், அதாவது கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது எத்தனை பேர் வரணும்ங்கிற கணக்கு (கோரம்). மக்கள்தொகை 500 வரைன்னா 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதுக்கு மேல 300 பேர். இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் காலையிலேயே கையெழுத்து நோட்டு சுத்தி வரும். நூறு நாள் வேலைத் தளத்துக்கே நோட்டு போன ஊரும் உண்டு. வருகைக்குப் போட்ட கையெழுத்தையே பிற்பாடு தீர்மானத்துக்குச் சம்மதம்னு காட்டுவாங்க. அதனால கையெழுத்துப் போடுறப்ப பக்கத்தோட தலைப்பைப் படிங்க. மேல எதுவும் எழுதாத பக்கமா இருந்தா, "வருகை மட்டும்"னு பக்கத்துல எழுதித் தேதி போடுங்க. இதுல சத்தம் போட ஒண்ணும் இல்லை, யாரும் மரியாதைக்குறைவுன்னு சொல்லவும் முடியாது.

கூட்டப் பொருள் பெரும்பாலும் மேலிருந்து வந்த சுற்றறிக்கைப்படிதான் இருக்கும். உங்க பிரச்சினை "இதர பொருட்கள்"ங்கிற கடைசி வரியில விழும். அதுக்குள்ள மணி ஒண்ணாயிரும், பாதிப் பேர் சோத்துக்குக் கிளம்பியிருப்பாங்க. மிச்சம் இருக்குறவங்க கோபம் அப்பத்தான் வெடிக்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, மூணு நாலு நாள் முன்னாடியே ஒரு வெள்ளைத்தாள்ல பொருளை எழுதி ஊராட்சிச் செயலர்கிட்ட குடுத்து, நகல்ல முத்திரையும் தேதியும் வாங்கிக்கிறது. வாங்க மாட்டேன்னா ஒன்றிய அலுவலகத்துல கிராம ஊராட்சி பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பேருக்குத் தபால்ல அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கையோட கொண்டு போங்க.

கேள்வி கேக்குற விதமும் ஒண்ணு இருக்கு. "பல்பு காசைத் தின்னுட்டான்"னு எந்திரிச்சா கூட்டமே ரெண்டாப் பிரியும், கேள்வி அங்கேயே முடிஞ்சு போகும். வரவு செலவுக்குப் படிவம் 30 வைப்பாங்க, ஃபிளெக்ஸும் கட்டியிருக்கணும். அதைப் பாத்து, "தெருவிளக்குப் பராமரிப்புன்னு போட்டிருக்கிற தொகையில எத்தனை பல்பு, எந்தத் தெரு, பில்லும் இருப்புப் பதிவேடும் எங்கே?"ன்னு கேளுங்க. இதுக்குப் பதில் சொல்லியாகணும். சொல்லலைன்னா, "பதில் தரப்படவில்லை"ன்னு பதியச் சொல்லலாம்.

சேலம், வழக்கறிஞர்

மேலே சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். பேச்சுரிமை அரசியலமைப்பின் 19(1)(அ)வில் இருக்கிறது. அதற்கான வரம்புகள் 19(2)இல்: பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு முதலியவை. "தலைவர் மனம் புண்படக்கூடாது" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பலர் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. சட்டமன்றத்தில் உறுப்பினர் பேசியதற்கு வழக்குப் போட முடியாது, அது 194ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. கிராம சபைக்கோ மாநகராட்சி மன்றத்துக்கோ அந்தக் கவசம் கிடையாது. அங்கே பேசுவது தெருவில் பேசுவதற்குச் சமம்.

ஆகவே அவதூறு வழக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வரலாம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஆனால் அதே பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. பொதுநலனுக்கான உண்மை, பொது ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்தில் சொன்ன கருத்து, அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தில் வைத்த புகார் ஆகியவை குற்றமாகா. "சாக்கடைக்கு எடுத்த பணத்துக்கு வேலை நடக்கவில்லை" என்பது இதற்குள் நிற்கும். "உன் குடும்பமே இப்படித்தான்" என்பது நிற்காது. பணியை விட்டு ஆளின் மீது பாய்ந்த இடத்தில் விலக்கு கழன்றுவிடும்.

கெட்ட வார்த்தைக்கு 296ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். "அரசுப் பணியைத் தடுத்தார்" என்று மிரட்டும்போது 132ஐச் சொல்வார்கள். அதற்குத் தாக்குதலோ வன்முறையோ வேண்டும், உரத்த குரல் மட்டும் போதாது. ஆனால் நோட்டைப் பிடுங்குவது, மேசையைத் தள்ளுவது, மைக் வயரை இழுப்பது எல்லாம் நீங்களே அந்தப் பிரிவைத் தட்டில் வைத்துக் கொடுப்பது போலத்தான்.

2025 ஜனவரி 5இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்குப் பதிலாக அரசு அதிகாரிகள் தனி அலுவலர்களாகப் பொறுப்புக்கு வந்தார்கள். எதிரே அதிகாரி உட்கார்ந்தால் சட்டம் மாறிவிடுகிறது என்று பயப்பட வேண்டாம். ஊராட்சித் தலைவரும் பொது ஊழியர்தான்.

வாழவந்தி, ஏற்காடு

மலை நிலவரம் வேறங்க. நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், செம்மநத்தம், எந்த ஊராட்சியை எடுத்தாலும் குக்கிராமங்கள் தள்ளித் தள்ளித்தான் இருக்கு. கூட்டத்தைச் சுழற்சி முறையில வேற வேற குக்கிராமத்துல நடத்தணும்னு இருக்கு. எப்பவும் ரோட்டோரத்து ஊர்லயே வச்சா, பஸ் இல்லாத ஊர்க்காரங்க வர்றப்ப பாதிக் கூட்டம் முடிஞ்சிருக்கும். லேட்டா வந்து கேள்வி கேட்டா "குறுக்கே பேசாதீங்க"ன்னு பேரு. ஜனவரி 26 காப்பிப் பழம் எடுக்கிற நேரம், தோட்டத்துல கூலி விட்டுட்டு யாரும் வர மாட்டாங்க. போன மூணு கூட்டம் எங்கெங்க நடந்துச்சுன்னு பாத்து, அடுத்தது இன்ன ஊர்லன்னு தீர்மானமாவே கேட்டு வாங்குங்க.

மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுறப்ப கீழ இருந்து வந்தவங்க சிரிக்கிறது, "நீ"ன்னு கூப்பிடுறது நடக்குது. நாகரிகம்னு பேச ஆரம்பிச்சா முதல்ல அதைப் பேசணும். சபையில எல்லாரும் பாக்க, பட்டியல் இனத்தவரையோ பழங்குடியினரையோ அந்தச் சமூகத்தைச் சேராத ஒருத்தர் சாதிப் பேர் சொல்லித் திட்டினா வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்). ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம், முன்ஜாமீன் கிடைக்காது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில 2020-ல பட்டியல் இனப் பெண் ஊராட்சித் தலைவரையே தரையில உட்கார வச்சது ஞாபகம் இருக்கும். நாற்காலி யாருக்குங்கிறதும் இதுல சேர்த்திதான்.

இன்னொண்ணு, ரெண்டு சபையைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. 2006 வன உரிமைச் சட்டத்துக்குக் கூடுற கிராம சபை குக்கிராம அளவுல கூடணும். அதுக்குக் குறைவெண் மேலே சொன்ன 50, 100 கணக்கு இல்லை. மொத்த உறுப்பினர்ல பாதிப் பேர் வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். ஊராட்சிச் சபையில வன உரிமை பேசினா "இது பொருள்ல இல்லை"ன்னு நிறுத்துவாங்க. "அப்ப அதுக்குன்னு சபை எப்ப கூட்டுறீங்க, தேதி எழுதுங்க"ன்னு கேட்டுடுங்க.

அஸ்தம்பட்டி

நாகரிக விதி பத்தி ஒரு வெளிநாட்டுத் தகவல். அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ் மாநிலத்துல சவுத்பரோன்னு ஒரு ஊர். பொதுமக்கள் பேசுற நேரத்துல மரியாதையா, தனிநபர் தாக்குதல் இல்லாமப் பேசணும்னு ஊர் நிர்வாகம் விதி போட்டிருந்துச்சு. 2018-ல ஒரு பெண்மணி நிர்வாகி ஒருத்தரை ஹிட்லர்னு சொல்ல, வெளியேத்திடுவோம்னு மிரட்டினாங்க. 2023 மார்ச்ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் விதியே செல்லாதுன்னுடுச்சு. கூட்டம் அமைதியா, ஒழுங்கா நடக்கணும்னு கேக்கலாம், பேச்சு பணிவா இருக்கணும்னு கேக்க முடியாதுங்கிறது தீர்ப்போட சாரம். அவங்க மாநில அரசியலமைப்புல கூடிப் பேசுற உரிமை இருக்கிறதும் 19-வது பிரிவுதான்!

சேலம், வழக்கறிஞர்

நல்ல தகவல், ஆனால் அந்தத் தீர்ப்பை இங்கே கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒழுங்கு வேறு, பணிவு வேறு என்று பிரித்தார்கள். நம் 19(2)இல் கண்ணியமும் அவதூறும் எழுத்திலேயே இருக்கின்றன. நடைமுறைக்கு அந்தப் பிரிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு மூன்று நிமிடம், ஒருவர் முடித்தபின் அடுத்தவர், முதலில் பேசாதவருக்கு முன்னுரிமை என்று தலைமை வகிப்பவர் முறை வைத்தால் அது ஒழுங்கு. யாருக்கும் ஒரே அளவுகோல் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். பாராட்டுபவருக்குப் பத்து நிமிடம், கணக்குக் கேட்பவருக்கு அரை நிமிடம் என்றால் அது ஒழுங்கல்ல. கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்துப் பதியச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை

மாநகராட்சிக்காரங்களுக்கு ரெண்டே வரி. 60 வார்டு மாமன்றக் கூட்டத்துல பேசுறது கவுன்சிலர்கள் மட்டும்தான். நாம பேச வேண்டிய இடம் வார்டுல நடக்குற பகுதி சபை.

ஓமலூர், ஊராட்சி நிர்வாகம் தெரிந்தவர்

பெண் தலைவர் இருக்கிற ஊர்ல வீட்டுக்காரர் மேடையில உட்கார்ந்து "நீ உட்காரு"ம்பார். அவர் அந்த ஊர் வாக்காளர்னா கீழ உட்கார்ந்து நம்மள மாதிரி பேசலாம், சபையை நடத்த முடியாது. வாக்குவாதம் வேண்டாம். "தலைவரம்மா, நீங்க சொல்லுங்க"ன்னு அவங்ககிட்டயே கேளுங்க. பற்றாளர்னு ஒரு அலுவலர் வந்திருப்பார், கேள்வியை அவர் காதுலயும் போட்டு வைங்க.

செல்போன்ல எடுக்கக்கூடாதுன்னு சொன்னா எந்த உத்தரவுன்னு எழுத்துல கேளுங்க. "நம்ம கிராம சபை"ங்கிற அரசு செயலிக்குன்னு அவங்களே போட்டோ எடுத்துக்கிட்டுதான் இருப்பாங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் தீர்மானப் புத்தகம். மணிக்கணக்காப் பேசினது அதுல "பொதுமக்கள் குறைகள் விவாதிக்கப்பட்டன"ன்னு ஒத்தை வரியா முடிஞ்சிரும். அதனால வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டு போங்க: எந்தத் தெரு, எத்தனை மீட்டர், எந்த நிதி, யார், எப்போதுக்குள்ள. ஆதரவா எத்தனை பேர் கை தூக்கினாங்க, எதிர்ப்பு எத்தனைன்னு எண்ணிக்கையும் சேரணும். கலையுறதுக்கு முன்னாடி வாசிக்கச் சொல்லுங்க. கடைசி வரிக்குக் கீழே வெத்திடம் விட்டிருந்தா குறுக்கே கோடு போட்டு, அதை ஒட்டித் தலைவரோ தனி அலுவலரோ கையெழுத்துப் போடச் சொல்லுங்க.

நகல் தர இழுத்தடிச்சா தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பக்கத்துக்கு ரெண்டு ரூபாய், 30 நாள். தீர்மானத்தோட நிக்காம அந்தத் தேதி வருகைப் பதிவேட்டுப் பக்கங்களையும் சேர்த்துக் கேளுங்க. வாசகமும் தலைக்கணக்கும் ஒத்துப்போகலைன்னா, ரெண்டையும் இணைச்சு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுக்கலாம். ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் கலெக்டர்தான்.