பால்மரச் சுவரொட்டி: வெட்டுக்கோடு ஏன் உறுத்துகிறது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் தோட்டத் திரைப்படச் சுவரொட்டியைப் பார்த்தீர்களா? பால்மரப் (ரப்பர் மரப்) பட்டை நாயகன் முகமாக மாறுகிறது. பால் வடிக்க இடும் வெட்டுக்கோடுதான் கன்னத்துத் தழும்பு. பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பாலுக்குப் பதில் ரத்தம். நல்ல கற்பனை, ஆனாலும் ஏதோ இடிக்கிறது.

பதில்: கோடுதான். மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும், சுமார் 30 பாகை. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். இங்கே கோடு எதிர்ப்பக்கம் இறங்குகிறது. படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டிவிட்டார்கள். சட்டையைப் பாருங்கள்: ஆண் சட்டையில் பொத்தான் போட்டிருப்பவரின் வலப்பக்கம் இருக்கணும், இதில் இடப்பக்கம்.

பதில்: வெளிச்சமும் சரியில்லை லா. நிழல் காலடியில் விழுகிறது, அப்படியென்றால் உச்சிவெயில். மரத்துக்குள் நீரழுத்தம் விடியலில்தான் கூடுதல், பால் நன்றாக வடியும், அதனால்தான் இருட்டிலேயே வெட்டுக்குப் போவது. நீல இருட்டில் ஒரு மஞ்சள் நெற்றிவிளக்கு போதுமே. எதிர்நிறம், கண் நேரே அங்கே போகும்.

பதில்: ஒத்துக்கொள்கிறேன், அண்ணே. ஆனால் சிவப்பு மங்கில் மட்டும் இருந்திருந்தால் இதையெல்லாம் மன்னிக்கலாம். நடிகர் பெயர்களையும் அதே சிவப்பில் அடித்து ரத்தத்தின் வேகத்தைக் கெடுத்துவிட்டார்கள். பெயர்களுக்குப் பட்டையின் சாம்பல் நிறமே போதும்.