பெங்களூரிலிருந்து பாண்டி, காரில் தேனிலவு: முதல் நாள் திட்டம் சரியா?

அல்சூர்வாசி:
அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு மறுவாரம் சனிக்கிழமை காலை 8 மணிக்கு அல்சூரில் கிளம்பி, திருவண்ணாமலையில் சாமி கும்பிட்டு, செஞ்சிக் கோட்டை ஏறிவிட்டு, பாண்டி பீச் ரோட்டில் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். ரூமும் பீச் ரோட்டிலேயே. வாடகைக் கார், நானே ஓட்டுவேன். ஒரே நாளில் முடியுமா?

ஓசூர்ரோடு:
முதலில் சூரியன். பாண்டிக்குக் கடல் கிழக்கே, அங்கே உதயம்தான் பார்க்கலாம். கடலில் மறைவது வேண்டுமென்றால் கோகர்ணம் பக்கம் போங்கள்.

மொத்தம் சுமார் 310 கி.மீ. காலை 5 மணிக்கே வண்டியை எடுங்கள். 8 மணி என்றால் சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளி வரை ஊர்ந்தே பொழுது போய்விடும், கல்யாண சீசன் சனிக்கிழமை இன்னும் மோசம். 5-க்கு எடுத்தால் டிபன் கிருஷ்ணகிரியில். கழிவறை வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், ஊத்தங்கரை தாண்டினால் சுத்தமாகக் கிடைப்பது கஷ்டம்.

கிருஷ்ணகிரியில் சேலம் ரோடு, சென்னை ரோடு, திருவண்ணாமலை ரோடு எல்லாம் பிரியும். மேப்பில் வெறுமனே பாண்டி என்று போடாமல் நடுவில் திருவண்ணாமலை ரோட்டில் வரும் செங்கத்தையும் ஒரு நிறுத்தமாகச் சேருங்கள், வேறு ரோட்டுக்கு இழுக்காது. கிருஷ்ணகிரி வரை ஆறு வழி, நான்கு வழி என்று பறந்துவிட்டு, அதன்பின் திருவண்ணாமலை போகும் ஊத்தங்கரை ரோட்டிலும் அதே வேகத்தில் போகிறார்கள். தப்பு அங்கேதான். எதிரே பஸ் ஓவர்டேக் எடுத்துக்கொண்டு வரும், வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு இருக்காது, அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல்லோ கடலையோ காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். 60-70-க்கு மேல் வேண்டாம்.

கிரிவலப்பாதை:
பஞ்சாங்கம் பார்த்தீர்களா? பௌர்ணமி என்றால் 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க ஜனம், வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். மற்ற சனி ஞாயிறிலும் தரிசன வரிசை எத்தனை மணி நேரம் என்று சொல்லவே முடியாது. கோயில், கோட்டை இரண்டில் ஒன்றை வையுங்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி, உச்சி வெயிலில் அந்தப் பாறைப் படி ஏறினால் சாயங்காலம் பாண்டியில் கால் நகராது.

அல்சூர்வாசி:
கோயிலைத் திரும்பும்போது வைத்துக்கொள்கிறோம். மலை ஏறாமல் செஞ்சியில் பார்க்க ஏதாவது உண்டா சார்?

கிரிவலப்பாதை:
உண்டு. கல்யாண மகால், களஞ்சியம், குதிரை லாயம் எல்லாமே ராஜகிரி அடிவாரத்தில். பேரைப் பார்த்தால் உங்களுக்காகவே கட்டியது போலிருக்கிறது! ஒரு மணி நேரம் போதும். தண்ணீர் 2 லிட்டராவது கையில் இருக்கட்டும். தின்பண்டத்தைப் பையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

வொயிட்டவுன்:
திண்டிவனம் வழியாக 3 மணிக்குள் பாண்டி வந்துவிடுங்கள். மாலை 6 முதல் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். லேட்டானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஓட்டலுக்குப் பின்பக்க வாசல் இருக்கிறதா, கார் எங்கே நிறுத்துவது என்று முன்பே போன் போட்டுக் கேளுங்கள். சுற்றிலும் ஒருவழித் தெருக்கள், மேப் சொல்வதைவிட போர்டை நம்புங்கள். ரூம் எடுக்க இரண்டு பேரின் அடையாள அட்டையும் வேண்டும்.

பீச் ரோட்டில் கரையில் பெரும்பகுதி கருங்கல்தான். அலை அடிக்கும் கல்லில் பச்சையாகப் பாசி படிந்திருக்கும், செல்ஃபிக்கு இறங்கினால் வழுக்கிவிடும். மணல் வேண்டுமென்றால் மறுநாள் கடலூர் ரோட்டில் சுண்ணாம்பாறு போய், அங்கிருந்து மணல் கரைக்குப் படகு பிடியுங்கள். அங்கேயும் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், இழுவை அதிகம்.

மஞ்சள்எழுத்து:
வாடகைக் கார் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியை மலிவு என்று எடுக்காதீர்கள். வாடகைக்கு ஓடியது தெரிந்தால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடலாம். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பர்மிட் செல்லுமா என்று கேட்டு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகில் பணம் யார் போடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். டயர் காற்றைக் கிளம்புமுன், டயர் சூடாவதற்கு முன்னால் பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும்.

பெட்ரோல் பாண்டியில் விலை குறைவு, திரும்பும்போது டேங்கை நிரப்புங்கள். சரக்கும் அங்கே மலிவுதான், ஆனால் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தால் தமிழ்நாட்டு செக்போஸ்ட்டில் பிடிப்பார்கள்.