ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 32-ஆ? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகள் எஸ்.டி.பி.எம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) உயிரியல் படிக்கிறாள். நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் பத்து சென் காசுகளை அடுக்கி, ஒரு குளுக்கோஸிலிருந்து எத்தனை ஏடிபி (செல் பயன்படுத்தும் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸ் உடையும் கிளைகோலிசிஸில் நிகரமாக 2, மைட்டோகாண்ட்ரியாவில் கிரெப்ஸ் சுழற்சியில் 2. இதுவரை சரி. அப்புறம் எலக்ட்ரான்களைச் சுமக்கும் 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2. பழைய நூலில் இவற்றை முறையே 3, 2 ஏடிபி என்று பெருக்கி, முதல் 4-ஐயும் கூட்டினால் 38 வருகிறது. புதியதில் 2.5, 1.5 என்று போட்டு 30 அல்லது 32.

"அரை ஏடிபி எப்படிம்மா இருக்கும்? காசை வெட்டவா முடியும்?" என்றாள். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைக் கடக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கையை வகுத்து வரும் சராசரி என்பதுவரை சொல்லிவிட்டேன். ஆனால் 30, 32 என்று இரண்டு விடை ஏன்? சைட்டோபிளாசத்தில் உண்டான 2 என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்கள் உள்ளே போகும் வழியைப் பொறுத்தது என்கிறார்கள். அங்கேதான் இருவரும் நிற்கிறோம். புரியாமல் மனப்பாடம் செய்ய அவளுக்கு மனமில்லை.

பாடம் நடத்தும் ஆசிரியர்களோ, இதைப் படித்த அண்ணன் அக்காமாரோ தமிழிலேயே விளக்குவீர்களா? குரல்பதிவு என்றாலும் போதும். வெள்ளிக்கிழமை அவளுக்குச் சோதனை.